14 முதல் 18 வரை: மூவலூர் அம்மையார் பெயரிலான திட்டமும் தருமபுரிப் பெண் பிள்ளைகளின் படிப்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. அவர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்களும் குறைவு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது கல்யாண உதவித் திட்டத்தின் பெயர். கல்யாணப் பத்திரிகை, வருமானச் சான்று, பள்ளி டி.சி. எல்லாவற்றையும் நகல் எடுத்து இணைத்து, யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய பணம். இன்று கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கோ அது மாதாமாதம் சொந்தக் கணக்கில் ஏறும் 1,000 ரூபாய். 'புதுமைப் பெண்' என்று சொன்னால் சட்டென்று புரியும்.

கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்குப் போகத் தொடங்கியது நல்ல திருப்பம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மையாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு பொருத்தம் என்பதும் விளங்கும். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு கல்லூரி வாசலுக்கு வருவதற்கு நாலைந்து வருடம் முன்பே அறுந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடிந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள். அந்த இடைவெளியை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அம்மையார். அவர் பிறந்தது 1883இல், இசை வேளாளர் குடும்பத்தில். வறுமை தாங்காமல் பெற்ற தாயே, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அவரை ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார் என்று அவரது வரலாற்றில் சொல்லப்படுகிறது. வளர்ந்த ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் மூவலூர். பொட்டுக் கட்டி, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு, பிறகு ஏதோ ஒரு பணக்காரக் கிழவரின் தயவில் வாழவேண்டும் என்பதே அவருக்கு மற்றவர்கள் எழுதி வைத்த வாழ்க்கை. அவர் மறுத்தார். தனக்குப் பாட்டும் இசையும் சொல்லிக் கொடுத்த சுயம்பு பிள்ளையைத் தானே விரும்பி மணந்துகொண்டார். அந்தக் காலத்தில், அந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண் அப்படிச் செய்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

அதோடு அவர் நிற்கவில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். காங்கிரசில் இருந்தார், பெரியார் அதைவிட்டு வெளியே வந்தபோது இவரும் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். அவரை எதிர்த்தவர்களில் அந்த வழக்கத்தால் பிழைத்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைத் திட்டுவதைவிட, அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்கு வேறு பிழைப்பும் படிப்பும் மரியாதையான கல்யாணமும் கிடைக்க வழி செய்வதையே முக்கியமாக நினைத்தார். 1936இல், தான் கண்டதையும் பட்டதையும் வைத்து ஒரு நாவல் எழுதினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தே போனதே, அதில் அவரும் நடந்தார். அப்போது வயது 55. அப்புறம் அதே போராட்டத்தில் சிறைக்கும் போனார். சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அவர் மறைந்தது 1962இல்.

இதே போராட்டத்தைச் சட்டமன்றத்துக்குள் நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க முடியாது என்று ஊரே எதிர்த்தபோது, புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்ததால் ஆண்கள் கல்லூரியில் படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவரைப் பற்றி எல்லாரும் சொல்வது சட்டம், புற்றுநோய் மருத்துவமனை. எனக்கு அவர் செய்ததில் மிகவும் பெரிதாகத் தெரிவது அவ்வை இல்லம். பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளைச் சென்னையில் எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அதுதான் 1930 வாக்கில் அவ்வை இல்லம் ஆனது. வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஒரு பெண்ணுக்கு, அன்று ராத்திரி படுக்க ஓர் இடமும் மறுநாள் போக ஒரு பள்ளியும் வேண்டும் என்பதை அவர் சட்டம் வருவதற்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி, அந்தத் தகடூர்க்காரர்களான நமக்கு அவ்வை என்ற பெயர் சொந்தமான பெயர். தருமபுரி டவுனில் இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கும் அவ்வையார் பெயர்தான்.

சரி, மூவலூர் அம்மையார் பெயர் தருமபுரிக்கு எப்படி வந்தது? 1989ஆம் வருடத்துக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களின் கணக்கில் அது ஒரு பெரிய வருடம். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது அந்த வருடம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று மூவலூர் அம்மையார் பெயரில் திட்டம் வந்ததும் அதே வருடம். மூன்றாவது ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது. ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது. மாநிலம் முழுக்க மகளிர் திட்டமாக அது விரிந்தது 1990களின் கடைசியில்.

இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பது எனக்குக் குறைதான். 'பின்தங்கிய மாவட்டம்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. கந்து வட்டிக்காரரைத் தவிர யாரிடமும் கடன் கேட்க முடியாமல் இருந்த பெண்கள் வாரம் ஒரு நாள் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூட வராண்டாவிலோ உட்கார்ந்து, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, நோட்டில் வரவு செலவு எழுதினார்கள். ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பு எடுத்தவர்கள் பேங்க் மேனேஜர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். அன்று குழுவில் சேர்ந்த அம்மாக்களின் பேத்திகள் இன்று கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியிலும் படிக்கிறார்கள். முதல் செமஸ்டர் ஃபீசும் பஸ் செலவும் ஹாஸ்டல் முன்பணமும் பல வீடுகளில் குழுக் கடனில் இருந்துதான் வருகிறது.

கல்யாண உதவித் திட்டம் வருடங்கள் போகப் போக வளர்ந்தது. படிப்பு நிபந்தனை பத்தாம் வகுப்பு ஆனது. பழங்குடியினருக்கு ஐந்தாம் வகுப்பு போதும் என்று தளர்த்தினார்கள். 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, பட்டம் படித்த பெண்ணுக்குத் தொகை 50,000 ஆனது. 2016இல் தங்கம் 8 கிராம் ஆனது. 2022-23 பட்ஜெட்டில் அரசு இதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியது. 2022 செப்டம்பர் 5இல் புதுமைப் பெண் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், டிகிரியோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. வீட்டில் எத்தனை பெண்கள் படித்தாலும் எல்லாருக்கும் உண்டு. பிறகு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இதை நீட்டித்தார்கள்.

தாலிக்குத் தங்கம் போனதில் வருத்தப்பட்டவர்கள் நிறைய. அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்தாவது முடித்தால்தான் தங்கம் என்பதாலேயே, "அது வரைக்கும் போவட்டும்" என்று பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிய அப்பாக்கள் இந்தப் பக்கம் உண்டு. பதினெட்டு ஆகாமல் விண்ணப்பிக்க முடியாது என்பதும் ஒரு தடுப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பணம் கல்யாணம் நடந்தால்தான் கிடைக்கும். வருவதும் கல்யாணச் செலவிலோ கடனிலோ கரைந்துவிடும். புதுமைப் பெண் பணம் பெண்ணின் பெயரில், அவளுடைய ஏ.டி.எம். கார்டில் இருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் ரெக்கார்ட் நோட்டு வாங்க, மொபைல் ரீசார்ஜ் செய்ய, நாப்கின் வாங்க, அண்ணனிடமோ அப்பாவிடமோ காரணம் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அது என்ன மரியாதை என்பது கேட்டு வாங்கிச் செலவு செய்து பழகியவர்களுக்குத் தெரியும்.

இனி, இந்தப் பணம் போய்ச் சேராத பெண்களைப் பற்றி. அவர்களைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தின் பழைய காயத்தில் இருந்து தொடங்க வேண்டும். பெண் சிசுக் கொலை நடந்த மாவட்டம் என்று தருமபுரி நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011இல் அது 913 ஆனது. பத்து வருடத்தில் இது பெரிய ஏற்றம். தொட்டிலும், ஊர் ஊராகப் போன நர்சுகளும், குழுப் பெண்களும் சேர்ந்து செய்தது. ஆனாலும் ஸ்கேன் மெஷினை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் இந்தப் பகுதியில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அதே 2011 கணக்கில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி. மாநிலச் சராசரி 80க்கு மேல்.

தொட்டில் வரை காப்பாற்றிய பெண் பிள்ளை வளர்ந்து எட்டாம் வகுப்புக்கு வருகிறாள். இங்கேதான் சட்டங்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு அந்த உரிமை முடிகிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18 ஆகும்வரை கல்யாணம் கூடாது என்கிறது. புதுமைப் பெண் பணம் பள்ளியை முடித்து மேற்படிப்பில் சேர்ந்த பிறகு. ஆக, 14 முதல் 18 வரை அந்தப் பெண்ணுக்குச் சட்டம் 'செய்யக்கூடாது' என்று ஒன்றைச் சொல்கிறது. 'இதைக் கொடுத்தே ஆகவேண்டும்' என்று எதையும் சொல்லவில்லை. உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்தாவது வரை சத்துணவு உண்டு, புத்தகம் உண்டு, பஸ் பாஸ் உண்டு, இடைநிற்றலைக் குறைக்க பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிறப்பு ஊக்கத்தொகையும் உண்டு. இலவச சைக்கிளும் உண்டு, ஆனால் அது பிளஸ் ஒன்னில். உயர்நிலைப் பள்ளி ஊரைவிட்டு ஐந்து, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போவதோ ஒன்பதாம் வகுப்பில். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவளுக்குத்தான் சைக்கிள்.

மலையில் சைக்கிளும் உதவாது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை என்று ஒரு ஊர். தேர்தல் தவறாமல் பேப்பரில் வரும். வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகும் படத்தோடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். அதே பாதையில் தினமும் ஏறி இறங்கிப் படிக்க வேண்டிய பெண் பிள்ளையை யாரும் படம் எடுப்பதில்லை. சித்தேரி மலை, தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை வேறு வேறு அளவில். சில இடங்களில் யானை பயமும் சேர்ந்துகொள்ளும். தளி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்று மொழி மாறுவதும் ஒரு தடை.

ஒரு பெண் எப்படிப் பள்ளியை விட்டு நழுவுகிறாள் என்பதை மாதக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். பதிமூன்று, பதினாலு வயதில் வயசுக்கு வருகிறாள். தண்ணி ஊத்தும் சடங்கு, தாய்மாமன் சீர், சொந்தக்காரர்கள் விசேஷம் என்று இரண்டு மூன்று வாரம் பள்ளி போகிறது. திரும்பி வரும்போது கணக்கும் இங்கிலீஷும் கைவிட்டுப் போயிருக்கும். பள்ளியில் கழிப்பறை இருக்கும். தண்ணீர் வராது, அல்லது தாழ்ப்பாள் இருக்காது. மாதத்தில் மூன்று நாள் வருவதை நிறுத்துகிறாள். பிறகு அரிசி விலையும் கடனும் சேர்ந்து, மழை பொய்த்த வருடத்தில் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண் பாட்டியிடம் இருக்கிறாள். தம்பிக்குச் சமைக்கவும் ஆட்டை ஓட்டவும் ஆள் வேண்டும். வருகைப் பதிவில் அவள் 'லாங் ஆப்சென்ட்'. ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எப்படியோ எழுதுகிறாள். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கு லீவு, ஊரில் முகூர்த்தம், பெங்களூரில் இருந்து எல்லாரும் ஊர் திரும்பும் நேரம். புளி உலுக்கி விற்ற காசும் மாங்காய் பறித்த கூலியும் கொஞ்சம் கையில் இருக்கும். பேசி முடிக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் பெயர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் 'காமன் பூல்' என்ற பட்டியலுக்குப் போகிறது. வேறு பள்ளியில் சேர்ந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். சேராதவள் அங்கேயே கிடக்கிறாள்.

"வெச்சிகிட்டு இன்னா பண்றது? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா யாரு பாத்துக்கறது?" இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா இந்தப் பக்கம் இல்லை. அதில் கொடுமை எண்ணம் எதுவும் கிடையாது, பயம்தான் இருக்கிறது. தனியாக விட்டுப்போகும் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கல்யாணம் செய்து அனுப்பினால் பொறுப்பு இன்னொருவருக்குப் போய்விடும் என்ற கணக்கு.

இன்னொரு பயமும் உண்டு. அதைச் சொல்லாமல் தருமபுரியைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். பெண் யாரையாவது விரும்பிவிடுவாளோ, அதுவும் வேறு சாதியில் விரும்பிவிடுவாளோ என்ற பயம். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புக் கல்யாணத்தைக் காரணமாக வைத்து தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிக்கப்பட்டன. அதன் பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் பெண்ணின் கையில் இருந்து போனைப் பிடுங்கினார்கள், எத்தனை வீட்டில் "டவுன் பஸ்ல போயி படிச்சது போதும்" என்றார்கள் என்பதற்குக் கணக்கெடுப்பு கிடையாது. பெண்ணின் படிப்பைச் சாதியின் மானத்தோடு கட்டிவைத்திருக்கும்வரை, சாதிச் சண்டையின் விலையை எல்லாச் சாதியிலும் பெண் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். மூவலூர் அம்மையார் எதிர்த்ததும் இதைத்தான். பெண்ணின் உடம்பைப் பற்றி அவளைத் தவிர மற்ற எல்லாரும் முடிவெடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்தார்.

2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில் இருந்து ஒரு வீடியோ பரவியது. கட்டாயக் கல்யாணத்துக்குப் பிறகு தப்பி வந்த 14 வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவள் கதறுகிறாள். வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள். செய்தியின் நடுவில் ஒரு வரி இருந்தது: அவள் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவள் பள்ளிக்கு வராமல் போன முதல் மாதத்தில் அவள் வீட்டுக்கு ஒருவர் போயிருந்தால், தங்கிப் படிக்க ஓர் இடம் சொல்லியிருந்தால், அந்த வீடியோவுக்கு வேலையே இருந்திருக்காது.

மாநிலம் முழுக்கப் பார்த்தால் நிலைமை முன்னேறித்தான் வருகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் 2015-16இல் 16.3 சதவீதம், அடுத்த கணக்கெடுப்பில் 12.8. எட்டில் ஒரு பெண். ஆனால் அந்த எட்டில் ஒருத்தி மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவி இல்லை. மலையோரத்திலும் வறண்ட மேட்டு நிலத்திலும் கூடிக் கிடக்கிறாள்.

படிப்பை முடித்தவர்களுக்கும் ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தருமபுரிப் பெண்களை ஏஜெண்டுகள் வந்து கோயம்புத்தூர், திருப்பூர் மில்களுக்கு அழைத்துப் போவார்கள். மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி. இப்போது வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் பக்கம் செருப்புக் கம்பெனி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, ஸ்கூட்டர் கம்பெனி என்று பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேடித்தேடி எடுக்கிறார்கள். கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வருகிறது. இதை நான் நல்லது என்றே பார்க்கிறேன். சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் பேச்சு இருக்கிறது. கல்யாணமும் நாலைந்து வருடம் தள்ளிப்போகிறது. ஆனால் 18 வயதில் கையில் வரும் சம்பளத்துக்கு எதிரில் மாதம் 1,000 ரூபாய் வெகு சின்னது. வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிக்க, அல்லது இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிக் கல்லூரிக்கு வர, வழி சுலபமாக இருக்க வேண்டும். அந்தப் பேச்சு இங்கே இன்னும் சூடு பிடிக்கவில்லை.

இனி என்ன செய்யலாம் என்பதில் எனக்கு முதலில் நிற்பது விடுதி. கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உண்டு உறைவிடப் பள்ளிகள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. பெண் எழுத்தறிவு குறைந்த ஒன்றியங்களுக்கென்றே 2004இல் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளும் இருக்கின்றன. பெங்களூருக்குப் போகும் அம்மாவின் "யாரு பாத்துக்கறது?" என்ற கேள்விக்கு நேரான பதில் இவைதான். ஆனால் விடுதிச் சேர்க்கை ஜூன், ஜூலையில் முடிந்துவிடும். குடும்பம் மூட்டை கட்டுவது அறுவடை முடிந்த பிறகு, வருடத்தின் நடுவில். அப்போது இடம் கேட்டால் "அடுத்த வருஷம் வாங்க" என்பார்கள். அடுத்த வருடம் அவள் கையில் குழந்தை இருக்கும். ஒவ்வொரு விடுதியிலும் சில இடங்களை வருடம் முழுக்கத் திறந்து வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சேர்க்கை விதியைத் திருத்தி, அதற்கான சாப்பாட்டுச் செலவை ஒதுக்கினால் போதும். அந்த விடுதிகளில் தண்ணீரும் தாழ்ப்பாளும் ராத்திரியில் ஒரு பெண் வார்டனும் இருக்கவேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மோசமான விடுதியைப் பற்றிய பேச்சு ஒரே வாரத்தில் பத்து கிராமத்துக்குப் போய்விடும்.

அடுத்தது, ஆள். பள்ளிக்கு வராத பெண்ணின் வீட்டுக்கு யார் போவது? ஆசிரியர்கள் போகிறார்கள், நல்ல ஆசிரியர்கள் பைக்கில் மலை ஏறிப் போய்க் கூட்டிவந்த கதைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. ஆனால் வாத்தியாருக்குத் தெரிவதற்கு முன்பே குழுவுக்குத் தெரியும். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் கடன் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் எல்லாமே வாரக் கூட்டத்தில் தெரிந்துவிடும். முப்பத்தைந்து வருட அனுபவம் உள்ள குழுக்கள் இவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். அதில் மகளிர் குழுப் பெண்ணும் உண்டு. எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதில் சேராதவர்களின் பட்டியலை ஜூன் கடைசியில் அந்தக் கூட்டத்தில் பெயர் பெயராகப் படித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதைவிட மலிவான தடுப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பெண்கள் பொறுப்பில் இருப்பதும் கணக்கில் வரும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2018இல் இருந்து சில வருடங்கள் தருமபுரிக்கு அடுத்தடுத்து வந்த கலெக்டர்கள் பெண்கள். திங்கட்கிழமை மனுநாளில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "கலெக்டரம்மா மாதிரி ஆவணும்" என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்போது அது கனவில் கண்டதைச் சொல்வதில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்வது.

கடைசியாக, ஒரு கல்யாணத்தைத் தடுத்த பிறகு நடப்பது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாராவது போன் செய்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, செலவும் இல்லை. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அதாவது மாவட்டச் சமூகநல அலுவலரின் ஆட்கள் போலீசோடு வருகிறார்கள். கல்யாணம் நிற்கிறது. பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். பெண்ணைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துகிறார்கள். பிறகு பெரும்பாலும் அதே வீட்டுக்கு, அதே கடனுக்கு, அதே பேச்சுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். போன் செய்தது யார் என்ற விசாரணை ஊரில் நடக்கும். பல நேரம் பழி அந்தப் பெண் மேலேயே விழும். ஆறு மாதம் கழித்து ஓசூர் தாண்டி வேறு ஏதாவது கோயிலில் கல்யாணம் முடிந்திருக்கும். கர்ப்பமாகிவிட்டால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு வருமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிவர மாட்டார்கள். ஆகவே நிறுத்தப்பட்ட ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பள்ளிச் சேர்க்கை எழுதப்பட வேண்டும்: எந்தப் பள்ளி, எந்த விடுதி, எந்தத் தேதியில் சேர்ந்தாள், மூன்று மாதம் கழித்து வருகிறாளா. சமூகநலத் துறையிடம் ஒரு கோப்பும் பள்ளிக் கல்வித் துறையிடம் வேறு ஒரு பதிவும் இருக்கின்றன. இரண்டிலும் அவள் பெயர் ஒரே வரியில் வரவேண்டும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் கலெக்டர் 'எத்தனை கல்யாணம் தடுத்தீர்கள்' என்று கேட்கிறார். 'அவர்களில் எத்தனை பேர் இன்று வகுப்பில் இருக்கிறார்கள்' என்பதையும் சேர்த்துக் கேட்டால், அதற்குப் பதில் சொல்லவாவது யாராவது அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயாக வேண்டும்.